பெட்ரோல் டேங்க்குக்குப் பூட்டு

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு ஸ்கூலை விட்டவன். சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று பேனா நடுவழியில் நின்றுவிடும். பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து திருத்துகிறவர்கள் பாவம். அவர்கள் புண்ணியத்தில்தான் வாராவாரம் உங்களுக்கு நான் புரிகிறேன்.

நடுவழியில் நிற்பது என்றதும் ஞாபகம் வருகிறது... என் கார்!

நானே கட்டிய கார். காயலான் கடை வேன் எஞ்சின், இரும்புப் பைப்பில் வெல்டிங் செய்த உடம்பு. கதவு கிடையாது. நம்பர் பிளேட்டும் கிடையாது — அதனால் எங்கள் ஊர் பீங்கான் தொழிற்பேட்டையான செராமிக் எஸ்டேட்டின் உள்பாதையைத் தாண்டி மெயின் ரோட்டில் அது சக்கரம் வைத்ததில்லை.

அப்புறம் எதற்குக் கார்? என் மனைவிக்காக. எங்கள் வீடு எஸ்டேட்டின் பின்பக்கம். அவள் பொம்மைகளுக்குக் கண் வரைகிற யூனிட் முன்பக்கம். போன வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆனது. ஆனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஆட்டோவில் ஏற, காலைத் தூக்கினால் உயிர் போகிறது. தாழ்வான சீட் வைத்து ஒரு வண்டி இருந்தால்? கட்டிவிட்டேன்.

ஒரு மாசம் நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு தும்மல்கூட இல்லை. தீபாவளி முடிந்த கையோடு அவளை ஏற்றினேன். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கு ஆர்டர் குவிகிற நேரம். ‘வர முடியுமா, இல்லை வேறு ஆளைப் பார்க்கட்டுமா?’ என்று ஓனர் கேட்டு அனுப்பியிருந்தார்.

அந்த வாரமே வண்டி நிற்க ஆரம்பித்தது. இருமும், குலுங்கும், நின்றுவிடும். அதுவும் எங்கே? ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வருகிற மதகுக்குப் பக்கத்தில்!

“இன்னாண்ணே, அண்ணிய வச்சு ஊர்வலமா? தேர் இழுக்க எங்களக் கூப்புடக்கூடாதா?”

சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். நான் கூச்ச சுபாவி. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது தடவை நின்ற அன்றைக்கு வீட்டில் சொன்னாள். “நீங்க தனியா போனப்ப ஓடுச்சு. நான் ஏறினதுலேருந்துதான் நிக்குது. என் ராசிங்க. இன்னொரு தரம் நின்னுச்சுன்னா நான் வூட்டோட இருந்துக்குறேன். அவங்க வேற ஆளப் பாக்கட்டும்.”

இரும்புக்கு ஏது ராசி?

முதல் தடவை நின்றபோதே ஃபியூஸைச் சந்தேகப்பட்டேன். பீங்கான் ஊர்க்காரன் கட்டிய கார் இல்லையா... வீட்டு மெயின் போர்டில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கட்டையைத்தான் பெட்ரோல் பம்ப்புக்கும் மாட்டியிருந்தேன். அது சரியாகவே இருந்தது. சாவியைத் திருப்பினால் பம்ப் ‘ஙொய்’ என்கிறது. கரண்ட் வருகிறது. ஃபில்டரை மாற்றினேன். இரண்டாம் தடவையும் நின்றது. பம்ப்பையே மாற்றினேன். மூன்றாவது தடவையும் நின்றது!

கடைசியில் மெக்கானிக் காதர் பாயைக் கூப்பிட்டேன். என் பழைய சிநேகிதர்.

“பம்ப்பு பாவம்ணே. அது நல்லாத்தான் இருக்குது. அது குடிக்கிற சரக்குதான் சரியில்ல போல” என்றார். டேங்கைக் கழற்றி ஒரு வாஷ்பேசினில் கவிழ்த்தோம். எங்கள் ஊரில் விரிசல் விட்ட வாஷ்பேசினுக்கா பஞ்சம்?

வெள்ளைப் பீங்கானில் பெட்ரோல் பரவியது. அதற்கடியில் கண்ணாடிக் குண்டுகள் மாதிரி உருண்டன... தண்ணீர்!

பங்க்கில் வாங்கிய கேனில் மிச்சம் இருந்ததையும் ஊற்றிப் பார்த்தோம். சுத்தமான பெட்ரோல். மழையா? வண்டி ஷெட்டுக்குள் நிற்கிறது.

பாய் குரலைத் தாழ்த்தினார். “யாரோ வேணும்னே ஊத்துறாங்கண்ணே.”

யார்? தேர் இழுத்தவர்களா? நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? தண்ணீரைச் சுத்தமாக வடித்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, டேங்க் மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டோம். சாவி என் சட்டைப் பையில்.

சாயந்திரம் பாயும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

“ஏங்க, அந்த டேங்க்குப் பூட்டுச் சாவியக் கொஞ்சம் குடுங்களேன்.”

பாய்க்குப் புரை ஏறியது.

“உனக்கு எதுக்கு?”

வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் மாதா உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் — நீலக் கிரீடம்தான் அதற்கு மூடி.

“தீர்த்தம் ஊத்தணும். ஏறின நாள்லேருந்து தெனமும் ஒரு மூடி ஊத்துறேன். நின்ன அன்னிக்கு மட்டும் கூடக் கொஞ்சம்.”

“டேங்க்லயா?”

“அதுக்கு வாய் அதானேங்க?”

வண்டி நிற்கக்கூடாது என்று ஊற்றியிருக்கிறாள், ஊற்றியதால் நின்றிருக்கிறது, நின்றதால் இன்னும் ஊற்றியிருக்கிறாள்! பாய்தான் பக்குவமாக எடுத்துச் சொன்னார். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப நான்தான் நிறுத்தினேனா? நான்தான் சொன்னேனே... என் ராசின்னு.”

ஆறுதலாகப் பேச எனக்கு வராது. ஷெட்டுக்குப் போய் வண்டியின் பானெட்டைத் திறந்தேன். ஆறிப்போயிருந்த ரேடியேட்டரின் மூடியைக் கழற்றினேன்.

“ராசி இல்ல, தண்ணி. அதான் வடிச்சாச்சே. தண்ணி குடிக்கிற வாய் இது. இங்க ஊத்து.”

வாக்கரோடு பின்னால் வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். “எவ்ளோ ஊத்தலாம்?”

“பாட்டில் பூராவும் ஊத்து.”

ஊற்றினாள். என் சமாளிப்புக்குக் கைதட்டப் போன பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் கிளம்பினோம். மதகு நெருங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் அவளுக்கும் மூச்சுச் சத்தம் இல்லை. அங்கேதான் ஆட்கள் நின்றிருந்தார்கள். வண்டி இருமவில்லை. குலுங்கவில்லை. நான் ஆக்சிலேட்டரை அழுத்தப் போனேன்.

“மெதுவாப் போங்க” என்றாள், முந்தானையை இறக்கிவிட்டு. “தள்ளினவங்க நல்லாப் பாக்கட்டும்.”

யோசித்துப் பார்க்கிறேன். நமக்குக் கெடுதல் என்றதும் வெளியே யாரையோ தேடிப் பூட்டுப் போடுகிறோம். பிரியம் வைத்தவர்கள் எந்த மூடியைத் திறக்கிறார்கள் என்று யார் பார்க்கிறோம்?

இதை எழுதவா என்று அப்போதே கேட்டேன். முறைத்தாள். இன்றைக்கு எஸ்டேட்டுக்குள் இருக்கிற மாதா கோயிலுக்குப் போய் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தபிறகுதான், “எம் பேரப் போடாம எழுதிக்குங்க” என்றாள்.

கார்த்திகை 7, ஞாயிறு.