சலூத்துக்கு எந்தக் கட்டை

ஸ்பெயினில் எங்கள் ஹெரெஸ் ஊர்ச் சந்தையில் மீன் விற்கிறவன் வலது கையில் மட்டும் நீளமாக நகம் வளர்த்தால் ஊர் சும்மா விடுமா?

"சிப்ரியானோ, நெத்திலியைக் கழுவித் தரப்போறியா, இல்ல நகத்துக்குச் சாயம் பூசிக்கிட்டு ஆடப்போறியா?" என்று எதிர்க்கடை கறிக்காரன் தினமும் கேட்பான்.

"உன் கல்யாணத்துக்குத்தான் ஆடுறேன், ஒருத்தி சம்மதிச்சா சொல்லியனுப்பு" என்பான் சிப்ரியானோ. ஐம்பத்து நாலு வயதிலும் வாய் குறையவில்லை. ஆனால் ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறி ஊறி வாரத்துக்கு ஒரு நகம் உடைந்துபோகும். தந்தி மீட்ட நகம் வேண்டுமே என்று உடைந்ததைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் கிட்டார் வகுப்புக்குக் கிளம்பிவிடுவான்.

இவ்வளவு பாடும் அவன் மனைவி சலூத்துக்காக. சலூத் பாடுவாள், அவள் அண்ணன் எலோய் கிட்டார் வாசிப்பான். சந்தியாகோ பேட்டையில் அவர்கள் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் எலோய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அன்றோடு சலூத் வாயை மூடினாள். வானொலியில் யாராவது பாடினால்கூட எழுந்துபோய் அணைத்துவிடுவாள். கிட்டார் போனதால்தானே பாட்டு போயிற்று, நாம் கிட்டார் கற்றுக்கொண்டால் பாட்டு திரும்பிவிடும் என்று சிப்ரியானோ கணக்குப் போட்டான். நல்ல மனுஷன்தான், ஆனால் மீன்கடைக் கணக்கைத் தவிர வேறு கணக்கு தெரியாதவன்.

சொல்லிக்கொடுத்தவள் நியேவெஸ். வயது முப்பத்தொன்று, அவன் மகளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். தச்சுப்பட்டறைக்கு மேலே ஓர் அறையில் வகுப்பு. முதல் மூன்று மாதம் தந்தியைத் தொடவே விடவில்லை. பன்னிரண்டு எண்ணிக்கைத் தாளத்தை மேஜைமேல் விரல் முட்டியால் தட்டச் சொன்னாள். எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது கைக்கு வரும்வரை அவன் சந்தையில் மீன்பெட்டிகளைத் தட்டித் தீர்த்தான். அப்புறம் கட்டைவிரல் வாசிப்பு, நாலு விரலையும் விசிறியாக விரித்து வீசும் வீச்சு, நிதானமான சொலேயா, குதித்தோடும் புலேரியா என்று ஃபிளமெங்கோ பாட்டு வகைகள். இரண்டாம் வருஷம் எலோயின் பழைய ஒலிநாடாக்களைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"வாத்தியாரம்மா, பாட்டுக்கு நடுவுல எலோய் தனியா வாசிப்பானே, அதெல்லாம் எனக்கு அப்படியே வேணும்."

"பாடுறவங்களுக்கு வாசிக்கிறது வேற, மாமா. நாம முதல்ல காதைத்தான் தீட்டணும்."

தலையை நன்றாக ஆட்டினான். ஆட்டிவிட்டு, நாடாவில் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கற்றுக்கொண்டான். வீட்டில் தெரியாமலா இருக்கும்? சலூத் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை.

பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, மதியச் சாப்பாடு முடிந்ததும், சிப்ரியானோ முற்றத்தில் எலோயின் கிட்டாரோடு வந்து உட்கார்ந்தான். அதன் கழுத்தில் சுதி ஏற்றும் கவ்வி, எலோய் எப்போதும் வைக்கும் நாலாம் கட்டையிலேயே இருந்தது. சொந்தபந்தமெல்லாம் கை தட்டிக்கொண்டு "சலூத்! சலூத்!" என்று பிடித்துக்கொண்டார்கள். ஆறு வருஷம் கழித்து சலூத் எழுந்து நின்றாள். "ஆய்..." என்று இழுத்துத் தொண்டையைப் பதம் பார்த்தாள். சிப்ரியானோவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. முதல் அடி எப்படியோ போயிற்று. இரண்டாம் அடியில் மேலே ஏறும்போது குரல் பிளந்தது. காப்பாற்றுகிறேன் என்று இந்த மகானுபாவன் எலோயின் வாசிப்பை அவள்மேல் கொட்டினான், அதுவும் என்ன வேகம்!

சலூத் நிறுத்தினாள். "அடுப்புல என்னமோ கருகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சில்லை. வியாழக்கிழமை அவன் நியேவெஸிடம் போய், "விட்டுடுறேன்மா. என் வாசிப்பைக் கேட்டதும் அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு" என்றான்.

"கவ்வியை எங்க வச்சீங்க?"

"நாலுலதான். எலோய் எப்பவும் அங்கதானே வைப்பான்?"

"அவங்க 'ஆய்'னு இழுத்தாங்களா?"

"இழுத்தா."

"அதைக் கேட்டுட்டு, குரல் எங்க நிக்குதுன்னு பார்த்துக் கவ்வியை நகர்த்தினீங்களா?"

எங்கள் ஊரில் பாட்டுக்குக் கிட்டார் எடுத்தவனுக்கு அது முதல் பாடம். சிப்ரியானோவுக்கும் தெரியும். ஆனால் பூஜைப் பொருளைத் தொடாததுபோல அந்தக் கவ்வியைத் தொடாமலே வைத்திருந்தான்.

"அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயசாகுது, மாமா. செத்தவருக்குத்தான் வயசு ஏறாது" என்றாள் நியேவெஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலை சலூத் சமையலறையில் பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். சிப்ரியானோ கிட்டாரோடு எதிரே உட்கார்ந்து, கவ்வியைக் கழற்றித் தோல்குவியல் பக்கத்தில் வைத்தான்.

"ஒரே ஒரு தடவை 'ஆய்' சொல்லேன்."

"போய்யா, வேலை கிடக்குது."

அவன் போகவில்லை. தந்தியையும் தொடவில்லை. வாயும் கையும் சும்மா இருக்காத மனுஷனுக்கு அது எவ்வளவு கஷ்டம்! பாதி மொச்சை உரித்து முடித்த பிறகு அவள் தலை நிமிராமல் பேசினாள்.

"எனக்குக் குரல் இறங்கிப்போச்சு, சிப்ரி. எலோய் இருக்கும்போதே இறங்க ஆரம்பிச்சிடுச்சு. அவன்கிட்டச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. இன்னும் ஒரு கல்யாணம், இன்னும் ஒரு கல்யாணம்னு இழுத்துப் பிடிச்சேன். அப்புறம் அவன் போயிட்டான். நீங்கள்லாம் துக்கத்துல பாடாம இருக்கேன்னு நினைச்சீங்க. நானும் அப்படியே விட்டுட்டேன். துக்கம் இல்லாமலும் இல்ல."

அடப்பாவமே! ஆறு வருஷம் பக்கத்திலேயே படுத்திருந்தும் தனக்கு இது தெரியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டான்.

"இப்பச் சொல்லு" என்றான்.

அவள் "ஆய்..." என்றாள், மெதுவாக, மொச்சைக்குச் சொல்வதுபோல. அவன் காதைச் சாய்த்துக் கேட்டான். ஒரு தந்தியை மீட்டிப் பார்த்தான். கவ்வியை எடுத்து முதல் கட்டையில் மாட்டினான்.

"ஒண்ணுலயா? ஆம்பளைக் குரல்னு சிரிப்பாங்க."

"யாரு சிரிக்கிறா? இந்த மொச்சையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கட்டைவிரலால் மட்டும் சொலேயா பிடித்தான். விசிறி வீச்சு இல்லை, எலோயின் வாசிப்பில் ஒரு துணுக்கும் இல்லை. அவள் பாடும்போது அடங்கி, மூச்சு வாங்கும்போது மட்டும் கொஞ்சம் தலைகாட்டினான். குரல் பழைய குரல் இல்லை. கீழே, கரகரப்பாக, அவன் இதுவரை கேட்டிராத ஒரு சலூத் பாடினாள். மேலே ஏறும் இடத்தில் ஏறினாள், பிளக்கவில்லை. கண்ணீர் கண்ணை மறைத்து சிப்ரியானோவின் விரல் ஒரு தட்டைத் தவறவிட்டது.

சலூத் மேஜையை முட்டியால் தட்டினாள்.

"அழறதுன்னா அப்புறமா அழு. நான் இன்னும் பாடி முடிக்கல."