செயலாளரும் சகலையின் பந்தலும்

குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலையில் சேர்ந்த மனிதர் அவர். நாளாவட்டத்தில் மீட்டரை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டார். வாரிய ஊழியர் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை. நிற்கலாம் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. தெருவில் செயலாளர், முடிதிருத்தும் கடையில் செயலாளர், மாமியார் வீட்டிலும் "நம்ம செயலாளரு வந்திருக்காரு, ஃபேனைப் போடுங்க" என்பார்கள். மனைவி மட்டும் "என்னங்க" என்பார். அந்த 'என்னங்க'வில் எந்தப் பதவிக்கும் இடம் கிடையாது.

ஏற்றத்தாழ்வைப் பற்றி அவர் புத்தகத்தில் படித்தவரல்ல, மீட்டரில் பார்த்தவர். மேட்டுத் தெருவில் ஒரு பங்களா. அதன் புல்தரை ஒரு மாதத்தில் குடிக்கும் தண்ணீரை, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துச் சந்து மொத்தமும் சேர்ந்தும் குடித்ததில்லை. அதைக் கண்டு முதலில் ஆச்சரியப்பட்டார். பிறகு கோபப்பட்டார். பிறகு பேச்சில் சேர்த்துக்கொண்டார். "புல்லு குடிக்குது தோழர்களே, புள்ளைங்க குடிக்கல!" என்று அவர் குரலை உயர்த்தும் இடத்தில் கைதட்டல் நிச்சயம். வருஷா வருஷம் புல்தரை விரிந்தது, சந்து ஒடுங்கியது. பேச்சை மாற்றவேண்டிய அவசியம் அவருக்கு வரவேயில்லை. ஏற்றத்தாழ்வு ஒருநாளும் அவரைக் கைவிட்டதில்லை.

இவ்வளவு பேசுகிறவர் வாழ்ந்தது சொந்த வீட்டில்தான். மேலே ஒரு மாடியும் எழுப்பியிருந்தார். அதைப் பற்றி யாராவது கேட்டால் "நாமெல்லாம் நடுத்தரம்" என்பார். நடுத்தரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்கும் அளவுக்கு யாரும் அவரிடம் நெருங்கிப் பழகவில்லை.

நெருங்கிப் பழகிய ஒரே ஆள் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஒரு தள்ளுவண்டியும் சில மடக்கு நாற்காலிகளுமாக ஆரம்பித்தவர். இன்று அவரிடம் பந்தல், நாற்காலி, மைக் செட், இரண்டு வேன், ஒரு கிடங்கு, சாத்தினால் சத்தமே வராத கதவு வைத்த கார் எல்லாம் உண்டு. இந்த வளர்ச்சியில் செயலாளரின் பங்கு சிறிதல்ல. வேலைநிறுத்தம் என்று சங்கம் தீர்மானம் போட்டதும் அடுத்த வேலை சகலைக்குப் போன் போடுவதுதான். சங்கம் தோற்ற போராட்டங்களிலும் பந்தல் ஜெயித்திருக்கிறது. திங்கட்கிழமை போராட்டக்காரர்கள் உட்கார்ந்த நாற்காலியில் வெள்ளிக்கிழமை வாரிய ஆணையர் உட்கார்ந்து விழா கொண்டாடுவார். நாற்காலிக்குக் கொள்கை கிடையாது. சகலைக்கும் கிடையாது.

"உங்க கொள்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும் சகலை" என்பார் அவர். "ஒண்ணே ஒண்ணு, பாதியில சமாதானம் ஆயிடாதீங்க. பந்தலை ஏத்தி இறக்குறதுதான் சிரமம். நின்னுக்கிட்டு இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல."

அந்த வருஷம் வாரியம் ஒரு முடிவெடுத்தது. மீட்டர் பார்க்கும் வேலையைத் தனியார் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைப்பது, அவர்கள் தினக்கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வது என்பது அந்த முடிவு. சங்கம் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தலைமை அலுவலக வாசலுக்கு எதிரே சகலையின் பந்தல் எழுந்தது. ஆணையர் பின்வாசல் வழியாக வந்துபோக ஆரம்பித்தார்.

பந்தலுக்குள் காலையில் கோஷம், மதியம் சீட்டுக்கட்டும் தூக்கமும், மாலையில் செயலாளரின் பேச்சு. பேச்சு உறுப்பினர்களுக்கு மனப்பாடம். புல்தரை வரும்போது விழித்து, கைதட்டி, மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்கள். இதைச் செயலாளரும் அறிவார். மேடையில் இருப்பவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

அவர் அறியாதது ஒன்றுதான். மைக் செட்டைப் போராட்டக்காரர்களை நம்பி விட்டுப்போகச் சகலைக்கு மனமில்லை. அதனால் பந்தல் ஆட்கள் பேச்சு முடியும்வரை ஒயர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். வேறு வேலை இல்லாததால் அவர்கள் பேச்சைக் கேட்டார்கள். தினமும் கேட்டார்கள். முழுசாகக் கேட்டார்கள்.

அவர்களில் மூத்தவருக்கு முடிச்சு என்று பட்டப்பெயர். எந்தக் காற்றுக்கும் அவிழாத முடிச்சுப் போடுபவர். ஒரு மாலை பேச்சு முடிந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டே செயலாளரிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? தினக்கூலிக்காரனுக்கு லீவு கிடையாது, விழுந்தா வைத்தியம் கிடையாது, நாளைக்கு வராதேன்னு சொன்னா அதோட சரின்னு பேசினீங்களே, அது யாரைப் பத்தி?"

"கம்பெனிக்காரன் எடுக்கப்போற ஆளுங்களைப் பத்தி."

"அப்படியா? நான் எங்களைப் பத்தின்னு நெனச்சேன்."

இத்தனை வருஷத்தில் செயலாளரின் பேச்சைக் கேட்டு ஒருவர் சிந்தித்தது இதுதான் முதல் முறை.

"எங்க ஆளு ஒருத்தன் போன மாசம் கம்பத்துலேர்ந்து விழுந்துட்டான் சார். தோள்பட்டை எலும்பு போயிடுச்சு. முதலாளி ஒரு சீப்பு வாழைப்பழத்தோட வந்து பாத்தாரு. பழத்தைக் குறை சொல்ல முடியாது, நல்ல பழம்தான்."

"என்ன வேணும்னு சொல்லுங்க."

"வாரத்துல ஒரு நாள் லீவு, கூலியோட. விழுந்தா வைத்தியச் செலவு. அவ்வளவுதான். நீங்க கேட்டு வாங்கிக் குடுக்கணும்."

"அவரு என் சகலைய்யா!"

"தெரியும் சார். அதான் உங்ககிட்ட வந்தோம்."

செயலாளர் பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். பணக்காரர்கள் மனம் இறுகிப்போனவர்கள், சகலையும் வசதி வந்ததும் மாறிவிட்டார் என்று பொதுவாகச் சொன்னார். முடிச்சு ஒப்புக்கொள்ளவில்லை.

"அவர மாதிரி ஆகணும்னு எங்க யாருக்கும் ஆசை இல்ல சார். அது லாட்டரி விழுற மாதிரி. உங்கள மாதிரி ஆகணும்னுதான் ஆசை. மாசம் பொறந்தா சம்பளம், காய்ச்சல்னா லீவு, வயசானா பென்ஷன். எங்க தெருவுல பணக்காரன்னா உங்களைத்தான் சொல்லுவோம்."

அந்தச் சொல் தன்மேல் வந்து விழுந்ததில் செயலாளருக்குச் சட்டைக்குள் எறும்பு புகுந்ததுபோல் இருந்தது. "உங்க கோரிக்கையைப் பரிசீலிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பஸ்ஸில் பாதி வழி போனபிறகுதான் அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று உறைத்தது. போராட்டத்தின் முதல் நாள் ஆணையர் அவரிடம் சொன்னது அது.

வீட்டில் செய்தி அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. அக்காவும் தங்கையும் தினமும் போனில் பேசுகிறவர்கள்.

"அந்த முடிச்சு உங்க காதுல ஏதோ ஓதினானாமே? தங்கச்சி சொன்னா."

"அதுக்குள்ளயா?"

"இதோ பாருங்க, அவங்க குடும்பத்துல கைவைக்காதீங்க. அவ என்கூடப் பேசலைன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

"இது உரிமைப் பிரச்சினைம்மா. வாரத்துல ஒரு நாள் லீவு கேக்குறாங்க."

"ஒரு நாளா?" என்று மனைவி கரண்டியை நிறுத்தினார். "இருக்கட்டும், முதல்ல அவங்களுக்குக் கிடைக்கட்டும். அப்புறம் நான் கேக்குறேன்."

செயலாளர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார்.

மறுநாள் காலை போராட்டக்காரர்கள் செய்தித்தாளும் விசிறியுமாக வந்தபோது உட்கார இடமில்லை. காற்றுக்குப் பயந்து முதல்நாள் மாலை இறக்கி வைத்த படுதா இறக்கிய இடத்திலேயே கிடந்தது. நாற்காலிகள் வேனுக்குள் அடுக்கியபடி இருந்தன. பந்தல் ஆட்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராகம் சங்கத்துடையது. வார்த்தை மட்டும் சொந்தம்.

சங்கப் பொருளாளர் கனத்த உடம்பும் முழங்கால் வலியும் உள்ளவர். அவர்தான் முதலில் பொங்கினார். "என்னய்யா அநியாயம் இது! போராட்டம் நடக்கிற இடத்துல வந்து போராட்டம் பண்றீங்களே!"

"வேற எங்க போய்ப் பண்றது சார்?" என்றார் முடிச்சு. "இங்கதானே கத்துக்கிட்டோம்."

சத்தமில்லாக் கதவைத் திறந்துகொண்டு சகலை இறங்கினார். நேரே செயலாளரிடம் வந்தார்.

"சகலை, உங்க பேச்சைக் கேட்டு இந்த ஊர்லயே கெட்டுப்போனவங்க என் ஆளுங்க மட்டும்தான். உங்க ஆளுங்க ஒருத்தன்கூடக் கெடலையே!"

பிறகு வேன் கதவை விரியத் திறந்தார். "எல்லாரும் ஆளுக்கொரு நாற்காலி எடுத்துப் போட்டு உக்காருங்க. இன்னிக்கு வாடகை கிடையாது. இலவசம்!"

வர்க்க உணர்வு பல வருஷங்களாகச் செய்யாததை அந்தச் சொல் ஒரு நொடியில் செய்தது. கூட்டம் ஒன்றுபட்டு வேனை நோக்கி நகர்ந்தது. முழங்கால் வலியையும் மறந்து பொருளாளர் முதலில் போய் நாற்காலியில் கைவைத்தார்.

"தொடாதீங்க!"

கத்தியது செயலாளர். கேட்டவர்களைவிட அதிகமாகத் திடுக்கிட்டவரும் அவர்தான்.

"வேலைநிறுத்தத்துல இருக்கிறவன் வேலையை இன்னொருத்தன் போய்ச் செஞ்சா அவனுக்குப் பேரு என்ன? நாம யாரைக் கருங்காலின்னு திட்டுறோம்?"

"நாற்காலியில உக்காந்தா கருங்காலியா?" என்று பொருளாளர் திகைத்தார்.

"உக்காந்தா இல்ல. எடுத்துப் போட்டா."

"அப்ப நீங்க எடுத்துப் போடுங்க. நான் உக்காந்துக்கறேன்."

செயலாளர் போய் முடிச்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தரை சுட்டது. எழுந்துகொள்ளலாமா என்று தோன்றியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் எழுந்துகொள்ளவில்லை. தியாகங்களில் பாதி இப்படித்தான் நடக்கின்றன.

சகலை விழுந்து விழுந்து சிரித்தார். போன் அடித்ததும் சிரிப்பு நின்றது. அன்று மாலை கம்பெனியின் திறப்பு விழா. மீட்டர் வேலையை எடுக்கப்போகும் அதே கம்பெனி. நான்கு தெரு தள்ளி மைதானத்தில் பெரிய பந்தல், ஆணையர் தலைமை, ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லோரும். 'எங்கே உங்கள் ஆட்கள்' என்று கேட்டார்கள். ஆட்கள் சகலையின் கண்ணெதிரே தரையில் இருந்தார்கள். வேறு ஆள் பிடிக்க இன்னும் இரண்டு போன் போட்டார். அடுத்த நாள்தான் வரமுடியும் என்றார்கள். மெல்ல வந்து செயலாளர் அருகில் குந்தினார்.

"என்ன சகலை, நமக்குள்ள என்ன இருக்கு? பேசி முடிச்சுடலாம்."

சகலை அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனதும், பொருளாளர் செயலாளரின் தோளைப் பிடித்துத் தூக்காத குறையாக எழுப்பி ஓரமாகக் கொண்டுபோனார்.

"முடிக்காதீங்க! சாயங்காலம் வரைக்கும் இழுங்க. கம்பெனிக்காரன் விழா வெட்டவெளியில நடக்கட்டும். ஆணையர் மண்டை காயட்டும். இத்தனை நாள்ல அந்த ஆளுக்கு நம்மால ஒரு தும்மல் வந்திருக்கா? இப்ப வலிய வந்து மாட்டியிருக்கான்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் "ஆமா, இழுங்க" என்றார்கள். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. செயலாளர் முடிச்சைப் பார்த்தார். முடிச்சு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"சாயங்காலம் தாண்டிட்டா முதலாளிக்கு நாங்க தேவையில்ல சார். நாளைக்கு வேற ஆளு வந்துடுவான்."

"இப்ப முடிச்சுட்டா, அந்தக் கம்பெனிக்கு நீங்க பந்தல் போடப் போவீங்களா?"

"அது எங்க வேலையாச்சே." முடிச்சு சற்று யோசித்தார். "போகாதீங்கன்னு நீங்க சொன்னா போகல. அப்புறம் எங்க வீட்டு அடுப்பை நீங்கதான் பாத்துக்கணும்."

தன் சங்கத்துக்கு அதுவரை கிடைக்காத ஆயுதம் ஒன்று கையில் இருந்தது. அது இன்னொருவரின் வயிறு. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தரையில் உட்கார்ந்தார். சகலையைக் கூப்பிட்டார்.

பேரம் நடந்தது. "விழுந்தவன் குடிச்சிருந்தா?" என்றார் சகலை. "உங்க நாற்காலியில உக்காந்து ஆணையர் தூங்குறாரே, அவருக்குச் சம்பளத்தைப் பிடிக்கிறாங்களா?" என்றார் செயலாளர். வாரத்தில் ஒரு நாள் லீவு கூலியோடு, வைத்தியச் செலவு, தோள்பட்டைக்காரருக்கும் சேர்த்து என்று முடிவானது. முடிச்சு கையெழுத்தை நம்பவில்லை, மைக்கில் சொல்லச் சொன்னார். சொந்த மைக்கில் சகலை பேசியது அதுதான் முதல் முறை. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அது கீச்சென்று அலறியது. பாதி வாக்குறுதியில் நிறுத்திவிட்டு, அவரே போய்த் திருகைச் சரிசெய்து, தன் தோல்வியைத் தெளிவான ஒலியில் அறிவித்தார்.

பந்தல் ஆட்கள் சங்கத்துக்குப் பந்தல் ஏற்றி நாற்காலி போட்டார்கள். பிறகு வேனில் ஏறி எதிரிக்குப் பந்தல் போடப் போனார்கள். மாலையில் நான்கு தெரு தாண்டி ஆணையரின் குரல் காற்றில் வந்தது. நிழலில் நின்று பேசுகிறவரின் நிதானம் அதில் இருந்தது. பொருளாளர் செயலாளர் பக்கம் திரும்பவேயில்லை.

போராட்டம் பிறகு ஒரு வழியாக முடிந்தது. இருக்கிற ஊழியர்கள் வேறு பிரிவுகளுக்குப் போவார்கள், மீட்டர் கம்பெனிக்குப் போகும். இரு தரப்பும் வெற்றி என்றன. பொதுக்குழுவில் பொருளாளர் எழுந்து, "எதிரிக்கு நிழல் கொடுத்த செயலாளர் நமக்குத் தேவையா?" என்று கேட்டார். தேவையில்லை என்று கைகள் உயர்ந்தன. பொருளாளர் செயலாளர் ஆனார். செயலாளர், புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைக்கப்பட்டார். ஊர் மட்டும் பழக்கத்தை விடவில்லை. இப்போது ஊரில் இரண்டு செயலாளர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி போனைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"என்னங்க, அந்தக் கம்பெனிக்காரங்க உங்களைப் பத்தி விசாரிச்சாங்களாம். ஆளுங்க பிரச்சினை வந்தா பேசி முடிக்க அவங்களுக்கு ஒருத்தர் வேணுமாம். 'எங்க சகலை மாதிரி வராது, அரை நாள்ல முடிச்சுடுவாரு'ன்னு தங்கச்சி வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு. இப்ப வாங்குறதைப் போல ரெண்டு மடங்காம்."

செயலாளர் உடனே கோபப்பட்டிருக்க வேண்டும். அவர் உடனே கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். இந்த வரலாற்றில் அதையும் பதிவு செய்வதுதான் நியாயம்.

"அங்க மீட்டர் பாக்குற பசங்களுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு உண்டான்னு கேளு."

"வேலைக்குச் சரின்னு சொல்லட்டுமா?"

"இதை முதல்ல கேளு."

மனைவி தங்கையிடம் கேட்டார். தங்கை குளியலறைக் கதவைத் தட்டிச் சகலையிடம் கேட்டார். பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது.

"இல்லையாம். ஞாயித்துக்கிழமையும் போகணுமாம். ஏன் கேக்குறீங்க?"

செயலாளர் கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தெருவுக்கு. இந்நேரம் எவனாவது ஒருத்தன் ஏதாவது ஒரு வீட்டு கேட்டுல மீட்டர் பாத்துக்கிட்டிருப்பான்."

"அவங்களைத்தானே அவ்வளவு நாளும் மைக்குல கருங்காலின்னு திட்டினீங்க?"

"ஆமா" என்றார் செயலாளர், செருப்பைத் தேடிக்கொண்டே. "அதனாலதான் கொஞ்சம் சில்லறை குடு. முதல்ல அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்."