எவேலியோ கேட்டு வாங்கிய நீலத் தொப்பி

எங்கள் சியென்ஃபுவேகோஸ் ஊர்ப் பூங்காவில், பெரிய மரத்தடியில், ஆண்கள் மூக்கோடு மூக்கு உரசக் கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தால் கொலை விழப்போகிறது என்று வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள். ஒன்றும் இல்லை, பேஸ்பால் பேசுகிறார்கள். நான் ஒடாலிஸ், அந்த மரத்தடியில் தெர்மாஸில் காபி விற்பவள். இத்தனை வருடத்தில் அங்கே ஒருவர்மேல் ஒருவர் கைவைத்து நான் பார்த்ததில்லை. அடித்திருந்தால்கூடக் காயம் ஆறியிருக்கும் என்று எவேலியோ விஷயத்தில் பிறகு நினைத்துக்கொண்டேன்.

எவேலியோ ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். தாத்தா காலத்து அமெரிக்கப் பெட்டிகளுக்கு ரஷ்ய மோட்டாரைப் பூட்டி ஓடவைப்பார். அது மறுநாளே நின்றால் கரண்டைத் திட்டுவார். மனைவி போய்ச் சேர்ந்தபின் அவருக்கு இரண்டே விஷயம்தான் மிச்சம்: எங்கள் மாகாண அணி, அதில் ஆடும் மகன் யோஸ்னியெல்.

மரத்தடியில் ஒரு வழக்கம் உண்டு. சீசன் தொடங்கி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, எவேலியோ பெஞ்சின் மேல் ஏறி நின்று அணியில் ஒவ்வொருவனையும் எடை போடுவார். சொன்னது சொன்னதுதான், சீசன் முடியும்வரை மாற்றக்கூடாது. முடிவில் தீர்ப்பு தப்பாகிவிட்டால், எங்கள் ஜென்ம விரோதிகளான தலைநகர் அணியின் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றி வரவேண்டும். எவேலியோ அந்தத் தொப்பியைத் தொட்டதே இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. சொந்த ரத்தத்தைப் பற்றிப் பேசக்கூடாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? யோஸ்னியெலின் முறை வந்தால் எவேலியோ வாயை மூடிக்கொள்வார், வேறு யாராவது பேசுவார்கள். பேச என்ன இருந்தது, புகழ்ச்சிதான். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் அவன். வலப்பக்கம் ஆழமாகப் போகும் பந்துதான் அந்த இடத்தில் எமன். அதை யோஸ்னியெல் சறுக்கிப் போய் எடுத்து, மண்டியிட்டபடியே முதல் தளத்துக்கு எறிவான். ஆட்டத்தன்று மைதானத்தில் காபி விற்கும் எனக்கு ஊற்ற மறந்துவிடும்.

அந்த வருடம் மெக்சிகோவில் ஒரு போட்டி. எங்கள் அணியிலிருந்து இரண்டு பேரை அனுப்புவதாக இருந்தார்கள், யோஸ்னியெல் பேரும் அடிபட்டது. அப்படிப் போகும் இளம் பையன்கள் அங்கிருந்தே அமெரிக்காவுக்கு ஓடிவிடுவார்கள், எங்கள் தீவுக்குத் திரும்புவது அபூர்வம். திரும்பாதவனின் பெயரை மரத்தடியில் யாரும் சொல்வதில்லை. 'அந்த எட்டாம் நம்பர்' என்பார்கள், அதுவும் தணிந்த குரலில்.

மூன்றாவது ஞாயிறு காலையில் எவேலியோ என்னிடம் வந்தார். காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"போனா வரமாட்டான், ஒடாலிஸ்."

"பையன் அப்படிச் சொன்னானா?"

"சொல்லல. புது செருப்பு வாங்கித் தரேன்னேன். இப்ப எதுக்குப்பா, வேணாம்னுட்டான். இங்கயே இருக்கப்போறவன் செருப்ப ஏன் வேணாம்பான்?"

"செருப்பு வேணாம்னா செருப்பு வேணாம்னுதான் அர்த்தம். காபியக் குடிங்க, ஆறுது."

குடிக்கவில்லை. "ராத்திரி ரெண்டு தட்டு வைக்கிறேன். இனிமே ஒரு தட்டு போதுமா சொல்லு" என்றார். ஆறிய காபியை வாங்கிக் கொட்டிவிட்டு வேறு ஊற்றிக் கொடுத்தேன்.

பெஞ்சின் மேல் ஏறியதும் பழைய எவேலியோ ஆகிவிட்டார்.

"பிச்சர் லியோடான். வேகம் இருக்கு. பந்து எங்க போகும்னு அவனப் பெத்தவளுக்கும் தெரியாது. கேட்சர் ஒஸ்மானி. அவன் ரெண்டாந்தளம் போய்ச் சேர்றதுக்குள்ள நான் ரிப்பேர் பண்ணின பெட்டியிலயே ஐஸ் கட்டிடும்."

"அப்போ அவன் போய்ச் சேரவே மாட்டான்னு சொல்லு!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் உருண்டு சிரித்தது.

"இடது ஃபீல்டர் அடிக்கிறான், இல்லேங்கல. தளத்துல நம்ம ஆள் ஒருத்தனும் இல்லாத நேரம் பார்த்து அடிக்கிறான். ஷார்ட்ஸ்டாப்..."

அங்கே நிறுத்தினார். வழக்கப்படி கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் ஃபகுந்தோ கையைத் தூக்கினான். ஃபகுந்தோ அணி மேனேஜரின் மச்சான். மரத்தடிப் பேச்சைச் சாயங்காலமே மேனேஜர் காதில் போடுவது அவன் வேலை, அது ஊருக்கே தெரியும். மேனேஜரும் எவேலியோவின் தீர்ப்பை மீறினால் மைதானத்தில் தன் தலை உருளும் என்று அறிந்தவர்.

"இந்தத் தடவ நீங்களே சொல்லுங்கண்ணே. நாளைக்கு மெக்சிகோ பேர் குடுக்கணும். மத்தவன் சொன்னா மச்சான் நம்பமாட்டாரு."

"விதி விதிதான்" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் இறங்கவில்லை.

"பையன் நல்லவன். ஆனா வலப்பக்கம் ஆழமா வர்ற பந்துக்குப் பயப்படுறான். நான் பெத்தவன், எனக்குத் தெரியும். பந்து மட்டையில பட்டதும் ஒரு தடவ கண்ண மூடித் திறக்கிறான். அது போதும், பந்து போயிடும். இன்னும் பழுக்கல."

அப்பனே சொல்கிறான் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எல்லார் முகமும் மாறியது. பச்சைப் பொய். அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் யோஸ்னியெல் நிற்பதைப் பார்த்தேன். ரேஷன் ரொட்டியை வாங்கிக்கொண்டு அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட வந்தவன். ரொட்டிப் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டான்.

மெக்சிகோவுக்கு அவன் இடத்தில் வேறொருவன் போனான். ஒரு வாரம் எவேலியோ பாட்டுப் பாடிக்கொண்டே ஃப்ரிட்ஜ் பழுது பார்த்தார். "சந்தோஷமா?" என்று நான் கடுகடுத்தேன். "ஒரு ஆட்டம் நல்லா ஆடினா ஊரு மறந்துடும்" என்றார்.

அடுத்த ஆட்டத்தில் வலப்பக்கம் ஒரு பந்து வந்தது. யோஸ்னியெல் கண்ணை மூடித் திறந்தான், பந்து போய்விட்டது. "உங்கப்பன் சொன்னது சரிடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு எதிரணிகள் எல்லாம் அங்கேயே அடித்தன. மரத்தடிப் பேச்சுக்குக் கால் உண்டு.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். சாயங்காலம் முழுவதும் பந்து அதில் மோதும் சத்தம் கேட்கும். அப்பா எறிய, மகன் வலப்பக்கம் பாய்ந்து பாய்ந்து விழுவான்.

"உனக்குப் பயமே இல்லடா. நான் அன்னிக்குச் சும்மா சொன்னேன்."

"நீயாப்பா? பேஸ்பால்ல நீ சும்மா சொல்ற ஆளா?"

"நெசமாத்தான்டா."

"அப்புறம் ஏன் சொன்னே?"

பந்துச் சத்தம் நின்றுபோகும். அந்தக் கேள்விக்கு எவேலியோவிடம் இருந்த பதில் ஒன்றுதான், 'உன்னை விடக்கூடாதுன்னு' என்பது. அதைச் சொன்னால் பையன் தன் முகத்தில் விழிப்பானா என்று பயந்தார். சொல்லாவிட்டால் பையன் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டே இருப்பான். சற்று நேரத்தில், "இன்னொண்ணு எறிப்பா" என்பான் யோஸ்னியெல்.

சீசன் முடியுமுன் அவனை ஆட்டத்தில் இறக்காமல் மைதான ஓரப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள்.

கடைசி ஞாயிறு மரத்தில் நீலத் தொப்பி தொங்கியது. லியோடான் விஷயமும் ஒஸ்மானி விஷயமும் சொன்னபடியே நடந்திருந்தன. "பெத்த பிள்ளையையும் விட்டுவைக்காத நீதிமான்!" என்று ஃபகுந்தோ எவேலியோவைக் கட்டிப்பிடித்தான்.

"தொப்பியக் குடு" என்றார் எவேலியோ.

"எதுக்குண்ணே?"

"என் தீர்ப்பு தப்பு. குடுடா."

"பையன் பெஞ்சுல உக்காந்திருக்கான். எப்படித் தப்பாகும்?"

எவேலியோ தானே எம்பித் தொப்பியைப் பறித்துத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார். நல்ல தமாஷ் என்று கூட்டம் கைதட்டிக்கொண்டு பின்னால் போனது. நான் சிரிக்கவில்லை. பாதிச் சுற்றில் யோஸ்னியெல் எதிரே வந்தான், கையில் ரொட்டிப் பை. அப்பாவின் தலையைப் பார்த்து அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

"அதக் கழட்டுப்பா. நீ எதுக்குப் போட்டுக்கணும்? நீ சொன்னது சரிதானே. எனக்கே தெரியாதத நீ பார்த்திருக்கே."

எவேலியோ வாயைத் திறந்தார். கூட்டமும் நின்று பார்த்தது. தொப்பியை இரண்டு கையாலும் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மீதிச் சுற்றை நடக்கத் தொடங்கினார்.