பைக்குள் போன கை

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்ததும் வாசல் கதவு, பின்கதவு, மாடி ஜன்னல் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பல் தேய்ப்பாள். பதினோரு மணிக்கு இன்னொரு சுற்று. தபால்காரர் வந்து பைக்குள் கைவிட்டால் இவள் கண் அவர் முகத்துக்குப் போகாது, மணிக்கட்டிலேயே நிற்கும். கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே வேர்விடும் ரகம். நம் வீட்டில் எடுத்துப்போக ஒன்றுமில்லை என்று திருடனுக்கே தெரியும், உனக்குத்தான் இன்னும் தெரியவில்லை என்று கிண்டல் செய்வார். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு மறுபடியும் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பாள்.

பத்தொன்பது வருடம் அவள் ஓர் அமைச்சருக்கு மெய்க்காவலர். அமைச்சர் ஒரு பெண்மணி. ஆள்தான் குட்டை, நடை ஓட்டம். கூட்டத்தைப் பார்த்துவிட்டால் போதும், தண்ணீரைக் கண்ட வாத்து மாதிரி உள்ளே இறங்கிவிடுவார். அவருக்கு இடப்பக்கம், ஒரு கை நீளம் தள்ளி இவள். எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், ஒதுங்கக்கூடப் போகாமல் நிற்பாள் என்பதால் உடன் வேலை பார்த்தவர்கள் ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். கடைசியில் முழங்கால் தேய்ந்துபோய், நிற்க முடியாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததால்தான் வேலையை விட்டாள்.

மகள் சினிமாவில் உதவி இயக்குநர். அவள் வேலை பார்த்த படம் ஒரு தலைவரைக் காப்பாற்றும் மெய்க்காவலர் பெண்ணைப் பற்றிய திரில்லர். அந்த வேலையை நிஜமாகவே பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று டைரக்டர் சொல்ல, எங்கம்மா இருக்காங்களே என்றிருக்கிறாள் மகள். அப்படித்தான் ஒட்டகம் படப்பிடிப்புக்குப் போனது.

முதல் வாரம் அவளுக்குப் பழைய உயிர் திரும்பிவிட்டது. கதையைப் படித்துப் பார்த்துத் தப்புகளைச் சொன்னாள். கதாநாயகி இரண்டு காட்சிக்கு ஒரு தடவை தலைவரையே கண்கலங்கப் பார்த்துக்கொண்டு நிற்பதாக எழுதியிருந்தார்கள்.

"அவரைப் பார்த்துக்கிட்டு நின்னா ஆகுற வேலையா சார் இது? அவருக்கு முதுகைக் காட்டித்தான் நிக்கணும்" என்றாள்.

டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு பெரிய சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றார். ஒன்றும் நடக்கவில்லை என்றாள் அவள். பத்தொன்பது வருடத்தில் ஒன்றுமேவா என்று அவர் விடவில்லை.

"ஒண்ணும் நடக்காம இருக்கத்தானே சார் சம்பளம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது மகள் ஒரு செய்தி சொன்னாள். அம்மா அடக்கமாக மறைத்ததை அவளே டைரக்டரிடம் சொல்லிவிட்டாளாம். பேருந்து நிலையத் திறப்பு விழாவில் அமைச்சரைக் குத்த வந்த பெண்ணை அம்மா மடக்கிப் பிடித்த கதை. டைரக்டர் துள்ளிக் குதித்தாராம், படத்தின் இடைவேளைக் காட்சியே இனி அதுதானாம். மகள் முகமெல்லாம் பூரிப்பு. அம்மாவுக்கோ வாயில் வைத்த கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அதெல்லாம் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று மகள் கேட்டபோது தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். பதினான்கு வருடத்துக்கு முன்னால், திறப்பு விழா முடிந்து அமைச்சர் கூட்டத்துக்குள் இறங்கினார். முன் வரிசையில் ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், கையில் ஒரு காகிதம். அமைச்சர் அவள் முன்னால் நின்று, என்னம்மா என்று கேட்டார். அந்தப் பெண் சட்டென்று தோள்பைக்குள் கையை விட்டாள். வெளியே வந்த கையில் கறுப்பாய் ஏதோ மின்னியது. மீதியை ஒட்டகத்தின் கை பார்த்துக்கொண்டது. மணிக்கட்டைப் பிடித்து, முறுக்கி, ஆளைத் தரையில் சாய்த்தாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. அமைச்சரை மற்றவர்கள் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். கீழே கிடந்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு.

மறுநாள் செய்தித்தாளில் 'ஆயுதத்துடன் வந்த பெண் பிடிபட்டார்' என்று வந்தது. அதைத் திருத்த மேலதிகாரிகள் விரும்பவில்லை. பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். அப்போது மகள் ஆறாம் வகுப்பு. தலைமையாசிரியை அவளை மேடையில் ஏற்றி மொத்தப் பள்ளியையும் கைதட்ட வைத்தாராம். பறந்துகொண்டு வந்து சொன்ன குழந்தையிடம், அது கத்தி இல்லையடி கண்ணே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு மென்று விழுங்கியது அப்படியே நின்றுவிட்டது.

படப்பிடிப்புக்காக ஒரு பேருந்து நிலையத்தையே செட் போட்டிருந்தார்கள். இருநூறு துணை நடிகர்கள். தாக்க வரும் பெண்ணாக நடித்தவள் மெலிந்த உடம்புக்காரி, நல்ல சுபாவம், இடைவேளையில் எல்லோருக்கும் கடலை கொடுத்தாள். அவள் பைக்குள் கைவிட்டுத் துப்பாக்கியை எடுக்க வேண்டும், கதாநாயகி பாய்ந்து கையை முறிக்க வேண்டும். முதல் தடவை வெளிச்சம் சரியில்லை. இரண்டாம் தடவை துப்பாக்கி பையில் சிக்கிக்கொண்டது. மூன்றாம் தடவை கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை பைக்குள் போகும்போது முள்மேல் நிற்பது போல நின்றாள் ஒட்டகம். நான்காம் தடவை கை உள்ளே போனதுதான் தெரியும், தேய்ந்த முழங்காலோடு ஓடிப்போய் அந்த நடிகையின் கையைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடுக்காதே, எடுக்காதே என்று முணுமுணுத்தாளாம். அவளுக்கு அது ஞாபகமில்லை.

டைரக்டர் கத்தவில்லை. அனுபவம் பேசுகிறது, கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள் என்றார். மகள் அவளைத் துணிமணி வண்டிக்குப் பின்னால் அழைத்துப் போனாள். தொங்கிக்கொண்டிருந்த காக்கிச் சட்டைகளுக்கு நடுவே ஒரு பெட்டியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள் அவள்.

மகள் ஒரு காக்கிச் சட்டையின் பித்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்காக ஸ்கூலே கைதட்டுச்சும்மா" என்றாள்.

"தெரியும்."

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியாது."

"தேடிப் பார்த்தியா?"

மூன்று நாள் மகள் அவளோடு பேசவில்லை. கணவர் இருவருக்கும் நடுவில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் காலை, அவள் கதவுகளைச் சுற்றிப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அந்தப் பெண் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள் என்பது மட்டும் அன்றைய விசாரணையிலிருந்து நினைவிருந்தது. சலவைக்கூடத்தில் விசாரித்தபோது, டீச்சரா என்று கேட்டார்கள். வாத்தியார் வேலையெல்லாம் இல்லை. அங்கே நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அந்தப் பெயர். வேலையை விட்டுப் பத்து வருடமாகிறது, பின்தெருவில் மூன்றாம் மாடி என்று வழி சொன்னார்கள்.

டீச்சர் கதவைத் திறந்து, யார் வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. இவள் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைத் தவிர அன்றைக்கு அவள் எதைப் பார்த்திருக்கப் போகிறாள்? ஒட்டகம் வாசலிலேயே நின்றபடி, "பஸ் ஸ்டாண்ட் திறப்பு விழால உங்க கையை உடைச்சது நான்தாங்க" என்றாள். சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது.

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே கூப்பிடவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. அவள் வலது மணிக்கட்டு கொஞ்சம் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து வந்தவளிடம் டீச்சர் கேட்டது வேறு.

"கை போனது போகட்டும். அந்த மனு எங்க போச்சு?"

ஒட்டகத்துக்கு அது தெரியும், சொன்னாள். கண்ணாடிக் கூட்டோடு சேர்த்து ஓர் உறையில் போட்டு முத்திரை வைத்து ஸ்டேஷனில் கொடுத்தார்கள். அங்கிருந்து எங்கும் போகவில்லை.

"அப்ப அமைச்சர் அதைப் படிக்கவே இல்லை."

"இல்லைங்க."

அதன்பிறகுதான் உள்ளே வரச்சொன்னாள். சலவைக்கூடத்து நீராவிக் குழாய் கசிந்துகொண்டே இருந்ததாம். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு, படிக்கத் தெரிந்தவள் என்று டீச்சரை அனுப்பினார்கள். அமைச்சர் என்னம்மா என்று கேட்டதும் மனுவைச் சத்தமாகப் படிக்கத்தான் கண்ணாடியை எடுத்தாள். மூன்று நாள் உள்ளே வைத்திருந்து வழக்கில்லாமல் விட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு வேலைக்குத் திரும்பினால் ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை. மனு கொடுக்க அனுப்பினோம், கத்தியோடு போய் எங்கள் பேரையும் மாட்டிவிட்டாயே என்றார்களாம். அடுத்த வருடம் குழாய் வெடித்தது. முதல் கையெழுத்துப் போட்ட தோழிக்கு இரண்டு பாதமும் வெந்துபோயிற்று. அந்தத் தோழி எதிர்க் கட்டடத்தில்தான் இருக்கிறாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"நான் சொன்னா நம்பல. நீங்க வந்து சொல்லுங்க" என்று டீச்சர் எழுந்துவிட்டாள்.

மூன்று மாடி இறங்கி, தெருவைக் கடந்து, இன்னும் இரண்டு மாடி ஏறினார்கள். முழங்கால் கெஞ்சியது. கைப்பிடியைப் பிடித்தபடி டீச்சருக்குப் பின்னால் போனாள் ஒட்டகம். தோழி ஜன்னலோரம் கால்களை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பாதத்துத் தோல் மெழுகு உருகினாற்போல் இருந்தது. அவள் டீச்சரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒட்டகம் நின்றபடியே சொன்னாள். தான் யார், என்ன செய்தாள், பைக்குள் என்ன இருந்தது, செய்தித்தாள் பொய் என்று தெரிந்தும் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாள், எல்லாம்.

தோழி பட்டாணியைக் கீழே வைத்தாள். "இப்ப எதுக்கு வந்தீங்க? சினிமா கினிமா எடுக்கப் போறீங்களா?"

குறி தவறாமல் விழுந்தது அது. "எடுத்துக்கிட்டுதான் இருக்காங்க. அதுல கையில துப்பாக்கி வருது" என்றாள் அவள். "என்னால நிறுத்த முடியுமான்னு தெரியலை. அதான் உங்ககிட்டயாவது சொல்லிடலாம்னு வந்தேன்."

தோழி பட்டாணியை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். டீச்சரிடம் திரும்பி, "எத்தனை நேரம் நிப்ப? உட்காரு" என்றாள். இருவரும் சேர்ந்து பட்டாணி உரிக்கத் தொடங்கினார்கள். ஒட்டகத்தை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு அவளே படியிறங்கினாள்.

அந்தக் காட்சியை வெட்டிவிடுங்கள் என்று டைரக்டரிடம் போய்க் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சீன் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது மேடம் என்றார். முடிந்தது டைட்டிலிலிருந்து தன் பெயரை நீக்கச் சொன்னது ஒன்றுதான். அதற்கு அவர் உடனே ஒப்புக்கொண்டதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. படம் நன்றாக ஓடியது. கணவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவள் கேட்டதால், இடைவேளைக்கு முன்னால் அரங்கமே கைதட்டியது என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது அவருக்கு.

படம் வருவதற்கெல்லாம் முன்பே, அவள் போய்வந்த மறுவாரமே டீச்சரிடமிருந்து ஃபோன் வந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், மூன்று பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், தோழியை விட்டால் ஐந்து பேர் பாக்கி. "ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா இருப்பியா?" என்று கேட்டாள். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. மகள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீடு என்று ஐந்து வீட்டுக்கும் போனார்கள். ஒருத்தர் அழுதார். ஒருத்தர் முழுசாகக் கேட்கவே இல்லை. கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பினார் இன்னொருவர். இத்தனை வருஷம் கழித்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார் ஒருத்தர்.

ஆயுதம் ஏதும் இல்லை என்று பழைய கோப்பில் திருத்தம் போடச் சொல்லிக் காவல் துறைக்கு அவள் இரண்டு கடிதம் எழுதினாள். கைபேசி சிணுங்கும்போதெல்லாம் அதற்கான பதிலாக இருக்குமோ என்று பாய்ந்து எடுக்கிறாள். சமையலறைக்கும் வாசலுக்கும் இன்னும் அதே நடைதான். மூன்றாவது கடிதத்தை டீச்சர் வாங்கிப் படித்து, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தி, கீழே தன் பெயரையும் எழுதினாள். போன வாரம் தபாலில் சேர்த்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.