கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

என் வீட்டுக்காரருடைய வயிற்றை இரண்டாம் தடவையும் திறக்க வேண்டும் என்று டாக்டர் முடிவெடுத்தபோது, அதற்குக் காரணம் நான்தான் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். அரை மயக்கத்தில் கிடந்த அவருக்கே தெரியாது. இதை எழுத எனக்கு வெட்கம்தான். ஆனால் என் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஆண்டவர் செய்ததை மறைப்பது பெரிய துரோகம் இல்லையா? அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் புளத்கொகுபிட்டிய பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறோம். போன வருஷம் ஐப்பசி மழையில் வேலை நின்றிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே குந்திவிட்டார். முதுகுவலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்குகிற மனுஷன். நான் சொன்னால் கேட்டால்தானே! வயிற்றுப் புண் வெடித்துவிட்டது. கரவனெல்லை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே ஆபரேஷன். “இருதயம் பலவீனமா இருக்கு. இன்னொரு தடவ மயக்க மருந்து குடுக்க வேண்டி வந்தா கஷ்டம்” என்று டாக்டரம்மா அப்போதே என்னிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டார்.

நான்காம் நாள், புதன்கிழமை. மத்தியானம் நோயாளிகளைப் பார்க்க விடும் நேரத்துக்கு, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். கையில் ஒரு ஃபிளாஸ்க். சாப்பாடு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று தாதி மிஸ் முதல் நாளே சொல்லியிருந்தார். தலைமாட்டில் சிங்களத்தில் எழுதிய ஒரு போர்டும் தொங்கியது. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சந்தையில் சண்டை போட்டு விலை குறைப்பேன். அதன் எழுத்துதான் ஒன்றும் தெரியாது.

என்னைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டார்.

“புள்ள, தொண்ட காஞ்சு கெடக்கு. ஒரு வாய் சாயம் குடு” என்றார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால் ஊற்றாத வெறும் தேத்தண்ணீரைத்தான் சாயம் என்போம். அதை நாங்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. விடிந்ததும் வெறும் வயிற்றில் சாயம், பால் வெட்டப் போகும் மலைக்குப் போத்தலில் சாயம். உபவாச ஜெபத்துக்குக்கூட நான் சாயம் குடித்துவிட்டுத்தான் முழங்காலில் நிற்பேன். சாப்பாடுதானே வேண்டாம் என்றார்கள்? கித்துள் கருப்பட்டி கரைத்த கடுஞ்சாயம் அது. ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றி, இரண்டு தடவை கொடுத்தேன். குடித்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அவருடைய மூக்கில் ஒரு குழாய் போட்டிருந்தார்கள். வயிற்றில் தேங்குவதெல்லாம் அதன் வழியாகக் கட்டிலோரம் தொங்கும் பைக்கு வரும். நான் போனபோது கொஞ்சம் பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. அரை மணித்தியாலம் கழித்து மருந்தோடு வந்த தாதி மிஸ், பையைப் பார்த்தார். அவர் முகமே மாறிவிட்டது. பையில் கருஞ்சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா ஓடி வந்தார். திரையை இழுத்தார்கள். பார்க்க வந்த எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் நடையில் நின்று, உள்ளே பேசுவதைக் கேட்டேன். நாடி வேகமாக ஓடுகிறதாம். பிரஷர் இறங்குகிறதாம். தையல் விட்டு உள்ளே இரத்தம் கசிகிறது போலத் தெரிகிறது, தியேட்டரைத் தயார்படுத்துங்கள் என்றார் டாக்டரம்மா.

இரத்தமா? அது என் சாயம் அல்லவா!

சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் சொன்னதும் பொலிஸில் கொடுத்துவிட்டால்? படிக்காத தோட்டத்துப் பொம்பளை புருஷனைக் கொன்றுவிட்டாள் என்று ஊர் பேசினால்? ஒருவேளை அந்தச் சாயத்தால்தான் நிஜமாகவே தையல் விட்டிருந்தால்? என் வாய்க்கு, வேலை வாங்கும் கங்காணியே பயப்படுவார். அன்றைக்கு அந்த வாய் அடைத்துப் போய்விட்டது. ஜெபம் பண்ணினேன். என்ன ஜெபம் தெரியுமா? “ஆண்டவரே, யாருக்கும் தெரியாம அவரக் காப்பாத்திருங்க.”

ட்ரொலி வந்துவிட்டது. டாக்டரம்மா ஒரு கடுதாசியோடு என்னிடம் வந்தார்.

“திறந்து பாக்கத்தான் வேணும், அம்மா. ஆபத்து இருக்கு, மறைக்கல. இங்க கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை வாங்கினேன். அவரைக் கட்டிலிலிருந்து ட்ரொலிக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடக்கூட நேரமில்லை. மனதுக்குள், “ஆண்டவரே, எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். என் வாயத் திறங்க” என்றேன். அவ்வளவுதான் ஜெபம்.

வாய் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தைரியம் என்னுடையது இல்லை.

“டொக்டர், அது ரத்தமா இல்லாம இருக்கலாம். நான் சாயம் குடுத்தேன்.”

“எவ்வளவு?”

“இந்த மூடியில ரெண்டு தடவ. கருப்பட்டி போட்டது.”

டாக்டரம்மா என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கைப் பிடுங்கித் திறந்து பார்த்தார். உடனே உள்ளே ஓடினார். தாதி மிஸ் மட்டும் என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

குழாயில் மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். திரை இடுக்கில் எட்டிப் பார்த்தேன். முதலில் கறுப்பாக வந்தது. பிறகு கலங்கலாக. பிறகு தெளிந்த தண்ணீர். ஆனாலும் நாடி இறங்கவில்லை. இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ட்ரொலியை அப்படியே பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மணித்தியாலம் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. அந்த இரண்டு மணித்தியாலமும் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை. யாராவது வேகமாக நடந்தால் போதும், எழுந்து திரையைப் பார்ப்பேன்.

கடைசியில் டாக்டரம்மா வந்தார். “சோதனையில உடம்புல ரத்தம் குறையல. நாடியும் பிரஷரும் சரியாயிருச்சு. தியேட்டர் வேணாம்” என்றார். பிறகு நன்றாகத் திட்டினார். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றுதான் அந்தப் போர்டில் இருந்ததாம். திட்டி முடித்துவிட்டுப் போகும்போது என் தோளைத் தொட்டு, “சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் வெட்டியிருப்போம்” என்றார். அப்போதுதான் நான் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தையலும் தாங்கியது. பதினோராம் நாள் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இப்போது எங்கள் லயத்து வீடுகளிலிருந்து யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அவர்கள் பஸ் ஏறுவதற்குள் ஓடிப்போய் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் ஜெபமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஆண்டவரிடம் நல்ல பிள்ளை மாதிரி பேசுவேன். இப்போது செய்த தப்பைத்தான் முதலில் சொல்கிறேன்.

அன்று நான் இரண்டு ஜெபம் செய்தேன். முதலாவதை ஆண்டவர் கேட்கவில்லை. கேட்டு எல்லாவற்றையும் மூடி மறைத்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இதை வாசிக்கிற உங்களுக்கும் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் கிடக்கலாம். அதை மறைத்துத் தரும்படி கேட்காதீர்கள். வாயைத் திறக்கும்படி கேளுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். இன்று மழை இல்லை. என் வீட்டுக்காரர் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே மலைக்குப் போய்விட்டார்.