என் ஓய்வுத் திட்டத்தில் என் மனைவி

நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட வேண்டுமென்று பத்து வருடமாகத் திட்டம் போட்டு வந்தேன். போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், கைப்பேசியில் இருந்த அந்தத் திட்டத்தின் வரவுசெலவு அட்டவணையை நண்பர்களிடம் பெருமையாகக் காட்டினேன். பக்கத்திலிருந்த என் மனைவியும் எட்டிப் பார்த்தாள். அவள் ஆசிரியை. தினமும் விடியுமுன் எழுந்து கிள்ளானிலிருந்து பந்திங்குக்குக் கார் ஓட்டிப் போகிறவள்.

"இதுல என் சம்பளம் அறுபது வயசு வரைக்கும் வருதே. அப்போ நான் எப்பங்க ரிட்டையர் ஆவுறது?" என்று கேட்டாள்.

நண்பர்கள் குனிந்து இலையைப் பார்த்தார்கள். பத்து வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

இப்போது இருவரும் சேர்ந்துதான் திட்டம் போடுகிறோம். எனக்கு ஐம்பத்திரண்டு ஆகும்போது ஒரே நாளில் இருவரும் வேலையை விடுவோம். அதுவரை அவளுக்கு முன்னால் எழுந்து காலைப் பசியாறல் செய்து கொடுப்பது நான்.