தீம் பார்க்கும் என் ஓரகத்தியும்

தீம் பார்க் டிக்கெட் விலை இப்படி ஏறிக் கிடக்கிறதே, இன்னமும் அங்கே போவது கொடுத்த காசுக்குத் தகுமா என்று எங்கள் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஏனென்றால் தங்கம் விலையை விசாரிப்பதுபோல நான் வருடந்தோறும் பெரிய லீவுக்கு முன்னால் கேரளத்தில் இருக்கிற அந்தப் பார்க்குக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்த மலையாளத்தில், பெரியவர்களுக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்வேன். ரொம்ப வருடம் போனேனா என்றால் இல்லை. ஆனால் கேட்காமல் இருந்ததும் இல்லை. ஒரு ஆளை அதன் வாசலில் உட்கார வைக்க எனக்கு எவ்வளவு செலவாகும் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த ஆள் என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி.

சுனாமி வந்தபோது என் மகள் சின்னப் பிள்ளை. எங்கள் வீட்டு முற்றம் வரைக்கும் வந்த தண்ணீர் அப்படியே திரும்பிப் போனது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதன்பிறகு அவள் மணலில் கால் வைக்கவில்லை. குளிக்கிற வாளியில் தண்ணீர் தளும்பினால்கூட என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். கடலுக்குப் போகிறவன் வீட்டில் பிறந்த பிள்ளை தண்ணீரைக் கண்டு நடுங்கினால் தாய்க்கு எப்படி இருக்கும்?

என் கணவரின் அண்ணன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். ஒருநாள் போனில் அவர்தான் பிள்ளையிடம் பேசினார். "மோளே, மே மாசம் பெரியப்பா வாறேன். ஒன்ன ஒரு எடத்துக்குக் கொண்டு போறேன். அங்க சங்கு ஊதுனா அலை வரும். மறுபடி ஊதுனா நின்னுரும். சொன்ன பேச்சு கேக்குத தண்ணி, கேட்டியா?"

பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டாள். சொன்ன பேச்சு கேட்கிற தண்ணீரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொன்னாள், கோயிலில் பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள். அவளாகத் தண்ணீரைப் பற்றிப் பேசியது அப்போதுதான். நானும் நாட்களை எண்ணிக்கொண்டு இருந்தேன்.

அந்த மே மாதம் என் கணவர் ஆழ்கடலுக்குப் போயிருந்தார். நானும் மகளும், அண்ணன் குடும்பம் நான்கு பேரும் ஒரு வேனில் கிளம்பினோம். எங்கள் பக்கத்தில் வேன் பிடித்து எங்கே போனாலும் சோறு கட்டாமல் போக மாட்டோம். கடையில் வாங்கித் தின்றால் வீட்டுப் பெண்களுக்குக் கேவலம். "நீதான் நல்லா வைப்பியே" என்று ஓரகத்தி ஒரு வார்த்தை சொன்னாள், நான் வாய் அகன்ற பெரிய சருவம் நிறைய கோழிப் பிரியாணி வைத்தேன். களியக்காவிளை தாண்டி மலையாளப் பலகைகள் வரத் தொடங்கியதும் மகள் என் மடியில் ஏறி நின்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்தும் அவள் சிரித்துக்கொண்டு வந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

வாசலில் இரண்டு தகவல்கள் காத்திருந்தன. வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றான் காவலாளி. டிக்கெட் விலை அந்த மாதத்திலிருந்து ஏறிவிட்டது என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அங்கே பிள்ளைகளை அளக்க ஒரு கம்பம் இருந்தது. கோட்டுக்குக் கீழே இருந்தால் இலவசம். என் மகளின் தலை கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நின்றது. அவளை இலவசக் கணக்கில்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பெரியவர், அதாவது கணவரின் அண்ணன், பர்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஓரகத்தி யோசிக்கவே இல்லை.

"ஏட்டி, நீ மோளையும் கூட்டிட்டு வெளிய இரி. பாத்திரத்த யாராவது பாக்கண்டாமா? கடப்புறத்துல கெடக்கவியளுக்குத் தண்ணி என்ன காணாத சாதனமா?"

இத்தனைக்கும் அவளும் எங்கள் ஆள்தான். நாகர்கோவில் டவுனில் வளர்ந்தவள், கரண்டைக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை, அவ்வளவுதான். வேன் டிரைவர் நல்ல மனுஷன். "நான் இஞ்ச தானே கெடக்கேன், பாத்திரத்த நான் பாத்துக்கிடுதேன், பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார். அவர் சொன்னது காதில் விழாததுபோல அவள் தன் இரண்டு பையன்களையும் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. பிள்ளைக்கும் எனக்குமாக டிக்கெட் எடுக்கிற அளவுக்குத் தையல் காசு இடுப்பில் இருந்தது. ஆனால் கூப்பிட்டுக் கொண்டுவந்தவர் முன்னால் நிற்கும்போது நாம் பர்ஸைத் திறந்தால் அவர் முகத்தில் அடித்ததுபோல ஆகும். எங்கள் ஜனம் பட்டினி கிடந்தாலும் கிடக்குமே தவிர அதைச் செய்யாது. நானும் செய்யவில்லை. அந்த மரியாதைக்கு இன்றும் என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

வேன்கள் நிற்கிற இடத்தில் ஒரு வாகை மரம். அதன் கீழே சருவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் சைரன் சங்கு ஊதும், கூட்டம் கூச்சல் போடும். ஒவ்வொரு தடவையும் மகள் எழுந்து நிற்பாள்.

"இப்ப அலை வந்துட்டா அம்மா?"

"வந்துட்டு மக்கா."

"நின்னுட்டா?"

"நின்னுட்டு."

"நம்ம எப்பம் உள்ள போவோம்?"

கொஞ்சம் கழித்துப் போகலாம் என்றேன். மதியம்வரை கேட்டாள், மதியத்துக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாப்பாட்டுக்கு அவர்கள் வெளியே வந்தார்கள். ஓரகத்தி ஈரத் தலையோடு உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டு, "உப்பு ஒரு பொடி கொறவு" என்றாள். அங்கே வைத்துத்தான் நான் முடிவு செய்தேன். இவளை இதே வாசலில், இதே மரத்தடியில், ஒரு பகல் முழுக்க உட்கார வைப்பேன்.

கடலிலிருந்து வந்த கணவரிடம் சொன்னபோது, "போட்டும், விடு" என்றார். ஆண்களுக்கு எதையும் விட்டுவிடலாம். பிள்ளைக்கு மணலில் கால் வைக்க இன்னும் நான்கைந்து வருடம் ஆனது. கடைசியில் ஒருநாள் தானாகவே போய் இறங்கினாள், யாரும் சங்கு ஊதவில்லை. அவள் பயம் போய்விட்டது. என் ஆத்திரம் போகவில்லை.

நான் பள்ளிச் சீருடை தைத்துக் காசு சேர்த்தேன். நான் சேர்க்கச் சேர்க்கப் பார்க்குக்காரர்கள் விலையை ஏற்றினார்கள். ஒரு வருடம் புது ராட்டினம் வந்துவிட்டது என்றார்கள், ஒரு வருடம் வரி என்றார்கள், ஒரு வருடம் காரணமே சொல்லவில்லை. லீவு நாளுக்குத் தனி விலை, வரிசையில் நிற்காமல் போகிறவனுக்குத் தனி விலை. தெருவில் இதைப் பற்றி விவாதம் நடக்கும். அந்தக் காசுக்குக் கொடைக்கானல் போய் வரலாம் என்பார்கள் சிலர். உள்ளே ஒரு சாயாவுக்கு வெளியே மூன்று சாயா குடிக்கலாம் என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் பிள்ளைகள் திரும்பி வந்து பத்து நாள் அதையே பேசுகிறார்களே, அதற்கு என்ன விலை போடுவது என்று கேட்பாள் பக்கத்து வீட்டுக்காரி. கூட்டிப் போகிற எல்லோரையும் உள்ளே கூட்டிப் போக முடிந்தால் போங்கள், இல்லையென்றால் வீட்டிலேயே இருங்கள் என்பேன் நான். நான் மட்டும் ஒரு ஆளை வெளியே விடுவதற்காகவே சேர்த்துக்கொண்டிருந்தேன்.

மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் மழையோடு வரும். அப்போது படகெல்லாம் கரையில் கிடக்கும், என் கணவர் வீட்டில் இருப்பார், பார்க்கிலும் கூட்டம் இருக்காது, விலையும் சற்று இறங்கும். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்படி ஒரு ஜூலையில் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வேன் பிடித்தேன். ஓரகத்தி வீட்டுக்கு நேரில் போய் அழைத்தேன். பெரியவர் முட்டுவலி என்று வரவில்லை. பையன்கள் இரண்டு பேரும் வெளியூரில். அவள் மட்டும் வருவதாகச் சொன்னாள். எனக்கும் அவள் மட்டும் போதும்.

"இந்தக் காலத்துல யாரும்மா சோறு கெட்டிட்டுப் போவா? உள்ளேயே தின்னலாம்" என்றாள் மகள். "உள்ள வெலை கேட்டியா நீ? மனுசன் தின்ன முடியுமா?" என்று அதட்டினேன். விலை ஏறியது எனக்கு வசதியாகப் போனது. சருவம் இல்லாவிட்டால் காவலுக்கு ஆளை எப்படி உட்கார வைப்பது? உப்பை மூன்று தடவை சரிபார்த்தேன்.

வாசலில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. வாகை மரம் அப்படியே நின்றது. கவுண்டரில் போய் நின்று, கணவர், மகள், நான் என்று மூன்று டிக்கெட் கேட்டேன். திரும்பி, இத்தனை வருடம் சமையல்கட்டில் சொல்லிப் பார்த்த வார்த்தையைத் தொடங்கினேன். "அக்கா, நீங்க வெளிய..."

கவுண்டர்ப் பையன் நான்கு கைப்பட்டைகளை நீட்டினான். மழைக்காலச் சலுகையாம், மூன்று எடுத்தால் ஒன்று இலவசமாம், அந்த வாரம்தான் தொடங்கியதாம். ஏறிக்கொண்டே இருந்த விலை எனக்காகவா அன்று இறங்க வேண்டும்? ஓரகத்தி வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள், அவன் பட்டையைக் கட்டிவிட்டான். என் கணவர் சருவத்தைத் தூக்கி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, "பாத்துக்கிடுங்க" என்றார். அவ்வளவு சுலபமாக முடிகிற காரியம் அது.

உள்ளே போனதும் மகள் சறுக்குகளின் பக்கம் ஓடிவிட்டாள், கணவரும் அவள் பின்னால் போனார். சேலையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதால் நாங்கள் இருவரும் வாடகைக்கு நைலான் கால்சட்டையும் சட்டையும் வாங்கி மாட்டிக்கொண்டோம். அதற்குள் அவள் பிதுங்கினாள். அதைப் பார்த்துக் கொஞ்சம் வயிறு குளிர்ந்தது, போதவில்லை. அலைக்குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றோம். சங்கு ஊதியதும் அவள் முகம் வெளிறி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, விட்ராத. நீ கடப்புறத்துக்காரி, ஒனக்குத்தான் அலை தெரியும்."

கடற்கரையில் எங்களுக்குப் பேச்சு வரும் முன்னால் கற்றுக்கொடுக்கிற காரியம் ஒன்று உண்டு. அலையில் பிடித்த கையைக் கரை ஏறுகிற வரை விடக் கூடாது. பகையாளி கையானாலும் விடக் கூடாது. என் தாய் என்னை விட்டதில்லை, நான் என் மகளை விட்டதில்லை. அலை நெஞ்சுக்கு நேரே எழும்பியபோது நான் அவள் கையை விட்டேன்.

அவள் குப்புற விழுந்து, உருண்டு, கிணறு வற்றின நேரத்தில் கிடைத்ததுபோலத் தண்ணீரைக் குடித்தாள். ஒரு நொடி அவளுடைய கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது. டிக்கெட் காசு, வேன் வாடகை, அத்தனை வருடத் தையல், எல்லாம் அந்த ஒரு நொடிக்குத் தகும் என்று நினைத்தேன். அவள் எழுந்து, முடியை ஒதுக்கி, இருமி, தடுமாறிக்கொண்டு வந்து மறுபடியும் என் கையையே பிடித்தாள்.

"பாத்தியா, அலை பிரிச்சுப் போட்டுட்டு. நல்ல கெட்டியாப் பிடிச்சுக்க மக்கா."

அலைதான் பிரித்தது என்று நினைத்துவிட்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அலை பிரிக்கல்ல அக்கா. நான்தான் விட்டேன். அன்னைக்கு எங்கள வெளிய இருத்துனீங்களே, அதுக்குத்தான் விட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னைக்கு?"

அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பம், கோடு, சருவம், மரம், பிள்ளை எழுந்து எழுந்து நின்றது, உப்பு. அவள் நடிக்கவில்லை. அவள் நடித்தால் எனக்குத் தெரியும். புருவத்தைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தாள். பிறகு முகம் தெளிந்து சிரித்தாள்.

"போடி. எனக்கு நல்ல ஓர்மை உண்டு. நீயும் மோளும் இஞ்ச எங்கூடத் தானே நின்னிய? அலை வரச்சில எல்லாம் பிள்ள எப்பிடிச் சிரிச்சா தெரியுமா? இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது."

என் பிள்ளை ஒரு பகல் முழுக்கக் கேட்டும் நான் கொடுக்க முடியாததை, இவள் தன் நினைப்பிலேயே, ஒரு பைசா செலவில்லாமல் அவளுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறாள். இனி இவளை எந்த வாசலில் உட்கார வைத்தால் இவளுக்கு உறைக்கும்?

மறுபடியும் சங்கு ஊதியது. "வருதுட்டி, வருது" என்று அவள் கையை நீட்டினாள். நான் என் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, அலை வருகிற பக்கம் பார்த்து நின்றேன்.